மைல் எனும் வாக்குறுதி: விமானப் புள்ளிகளில் பயணிக்கு எஞ்சுவது என்ன?

2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உலகெங்கும் ஏராளமான பயணிகள் விமானங்கள் பறக்காமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. வருவாய் வற்றிப்போன நிலையில் கடன் திரட்டப் புறப்பட்ட அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ், அந்த ஜூன் மாதத்தில் பிணையாக முன்வைத்தது அடிக்கடி பறப்பவர்களுக்கான தனது மைலேஜ்பிளஸ் திட்டத்தை. அத்திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 2,190 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது. விமானங்கள், ஊழியர்கள், வழித்தடங்கள் எல்லாம் சேர்ந்த முழு நிறுவனத்துக்குப் பங்குச் சந்தை அப்போது போட்டிருந்த விலை அதைவிடக் குறைவு. டெல்டாவும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் அதே வழியைப் பின்பற்றின. செப்டம்பரில் டெல்டா தன் ஸ்கைமைல்ஸ் திட்டத்தை வைத்து 900 கோடி டாலரும், 2021 மார்ச்சில் அமெரிக்கன் தன் அட்வான்டேஜ் திட்டத்தை வைத்து 1,000 கோடி டாலரும் திரட்டின. பயணிக்கு இலவசப் பரிசாகத் தெரியும் ஒன்று, கடன் கொடுப்பவரின் கண்ணுக்கு விமானத்தைவிட உறுதியான சொத்தாகத் தெரிந்திருக்கிறது. இந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ளாமல், மைல்களிலிருந்து நல்ல பலன் பெறுவது எப்படி என்ற கேள்விக்கு விடை காண முடியாது.

இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுதான்: மைல் என்பது சேமிப்பு அல்ல; கொடுத்தவரே பின்னர் திருத்தி எழுதக்கூடிய வாக்குறுதி. ஆகவே அதிகம் சேர்ப்பவருக்கு அதிகப் பலன் என்ற பொதுநம்பிக்கை தவறு. மைலுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவழிக்காமல், தானாகச் சேர்ந்ததைக் கையில் நீண்ட நாள் வைத்திருக்காமல், எப்படியும் செல்லவேண்டிய பயணத்துக்குப் பயன்படுத்திவிடுபவருக்கே இத்திட்டங்கள் லாபமாக முடிகின்றன. மற்ற பலருக்கு அவை மெல்லிய நஷ்டம். அந்த நஷ்டம் எந்த ரசீதிலும் அச்சாகாததால் கண்ணில் படுவதில்லை.

இத்திட்டங்கள் பிறந்த சூழலை முதலில் பார்க்கலாம். அமெரிக்காவில் 1978 வரை விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் அரசே நிர்ணயித்தது. அந்த ஆண்டு வந்த கட்டுப்பாடு நீக்கச் சட்டத்துக்குப் பின் புதிய நிறுவனங்கள் குறைந்த கட்டணத்துடன் களமிறங்கின. பழைய பெரிய நிறுவனங்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. எல்லாருக்கும் கட்டணத்தைக் குறைத்தால் வருவாய் சரியும்; குறைக்காவிட்டால் அடிக்கடி பறக்கும் அலுவலகப் பயணிகள் கைநழுவிப் போவார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸிடம் சேபர் என்ற கணினி முன்பதிவு அமைப்பு இருந்தது. யார் எத்தனை முறை பறக்கிறார் என்பதை அதைக் கொண்டு கண்டறிய முடிந்தது. 1981 மே 1 அன்று அட்வான்டேஜ் திட்டம் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட்டும் தன் திட்டத்தை அறிவித்தது. கட்டண அட்டையைத் தொடாமல் வேண்டியவர்களுக்கு மட்டும் தள்ளுபடி தரும் ஏற்பாடு இது. அந்தத் தள்ளுபடிக்கு நிறுவனம் செலவழித்ததும் சொற்பம். எப்படியும் காலியாகப் பறக்கப்போகும் இருக்கையில் ஒருவரை உட்கார வைக்க ஓர் உணவும் சிறிதளவு எரிபொருளும் போதும்.

இரண்டாவது திருப்பம் 1987இல் வந்தது. சிட்டிபேங்க் அட்வான்டேஜ் பெயரில் கிரெடிட் கார்டு வெளியிட்டது. அதன் பின்னர் மைல் சேர்ப்பதற்குப் பறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. மளிகை வாங்கினாலே போதும். விமான நிறுவனம் மைல்களை மொத்தமாக வங்கிக்கு விற்கிறது. வங்கி அவற்றைத் தன் வாடிக்கையாளருக்குச் சில்லறையாகக் கொடுக்கிறது. பணம் விமான நிறுவனத்துக்கு இன்றே வந்துவிடுகிறது. அதற்கு ஈடான இருக்கையைத் தரவேண்டிய கடமை பிறகுதான் வருகிறது, சிலசமயம் வருவதே இல்லை. டெல்டாவுக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸுடன் உள்ள ஒப்பந்தத்திலிருந்து மட்டும் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 700 கோடி டாலர் கிடைத்துவருகிறது. யுனைடெட்டின் மைலேஜ்பிளஸ் 2019இல் ஏறத்தாழ 530 கோடி டாலருக்கு மைல்களை விற்றது. அதில் பெரும்பகுதி வெளியாரிடமிருந்து, குறிப்பாக வங்கியிடமிருந்து வந்த பணம். கடன் கொடுத்தவர்கள் பிணையாக ஏற்றது இந்தப் பணவரவைத்தான். விமானம் தரையில் நின்றாலும் கார்டு தேய்ப்பது நிற்பதில்லை.

இங்கே பயணி கவனிக்கவேண்டியது அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை. மைலை அச்சடிப்பது விமான நிறுவனம். அதைக் கொண்டு வாங்கக்கூடிய பொருளை விற்பதும் பெரும்பாலும் அதே நிறுவனம். அப்பொருளின் விலையை மைல்களில் நிர்ணயிப்பதும் அதுவே. ஒரு நாட்டில் மத்திய வங்கியும் ஒரே கடையும் ஒருவருக்கே சொந்தமாக இருந்தால் விலைவாசி எந்தப் பக்கம் போகும் என்று ஊகிக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. 1988இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏற்கெனவே சேர்த்த மைல்களுக்கும் பொருந்துமாறு இருக்கை வரம்புகளையும் விலக்கு நாட்களையும் கொண்டுவந்தபோது உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநில நுகர்வோர் சட்டங்களைக் காட்டி விமான நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாது, ஒப்பந்தத்தை மீறினால் மட்டுமே கேட்கலாம் என்று கூறியது. ஆனால் விதிகளை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தால் கேட்பதற்கு மிச்சமிருப்பது குறைவு. 2014இல் இன்னொரு வழக்கு. அடிக்கடி புகார் செய்தார் என்று கூறி நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தின் உயர்நிலை உறுப்பினர் ஒருவரை வெளியேற்றியிருந்தது. ஒப்பந்தத்தில் நல்லெண்ணத்தோடு நடக்கவேண்டும் என்ற பொதுக் கடமையை முன்வைத்து அவர் தொடுத்த வழக்கும் அதே 1978ஆம் ஆண்டுக் கட்டுப்பாடு நீக்கச் சட்டத்தால் அடிபட்டுப்போனது.

சட்டம் இடம் கொடுத்தபோது நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தாமல் விடவில்லை. எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று சொல்லும் பட்டியலை டெல்டா 2015இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. யுனைடெட் 2019இல் அதையே செய்தது. அதற்குப்பின் டிக்கெட்டின் பண விலை ஏறும்போது மைல் விலையும் ஏறுகிறது. விலைப்பட்டியல் இருந்தவரை விலையேற்றம் அறிவிப்போடு வந்தது. இப்போது அறிவிப்பே தேவையில்லை. சேர்க்கும் விதமும் மாறிவிட்டது. பறந்த தூரத்துக்கு மைல் என்ற பழைய கணக்கு போய், கொடுத்த பணத்துக்கு மைல் என்ற கணக்கு டெல்டாவிலும் யுனைடெட்டிலும் 2015இலும், அமெரிக்கனில் 2016இலும் வந்தது. இந்தியாவில் ஏர் இந்தியாவின் ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் 2024 ஏப்ரலில் அதே பாதைக்குத் திரும்பியது. அவ்வாண்டு நவம்பரில் விஸ்தாரா இணைந்தபின் மகாராஜா கிளப் என்ற பெயரில் தொடர்கிறது. மலிவான டிக்கெட்டில் நெடுந்தூரம் பறந்து மைல் குவிக்கும் பழைய சாமர்த்தியத்துக்கு இந்த மாற்றத்தில் இடமில்லை. நிறுவனம் வெகுமதி அளிப்பது தூரத்துக்கு அல்ல, செலவுக்கு.

இந்தியாவின் அனுபவம் இன்னொரு ஆபத்தையும் காட்டுகிறது. வாக்குறுதியின் விதி மாறுவது ஒருபுறம் இருக்க, வாக்குறுதி கொடுத்தவரே இல்லாமல் போகவும் கூடும். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது அதன் கிங் கிளப் மைல்கள் வெறும் எண்களாகின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று ஓய்ந்தது. அதன் ஜெட்பிரிவிலேஜ் திட்டத்தில் எதிஹாத் 2014இல் 15 கோடி டாலர் கொடுத்து 50.1 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் உறுப்பினர் கணக்குகள் அழியவில்லை, இண்டர்மைல்ஸ் என்று பெயர் மாறி நடந்தன. ஆனால் புள்ளிகள் தப்பிப் பிழைத்தபோது அவற்றுக்கு உரிய விமானம் இல்லை. எந்த நோக்கத்துக்காக மக்கள் சேர்த்தார்களோ அந்த நோக்கம் போய்விட்டது. வங்கிகளின் வழியே சேரும் மைல்களும் விலக்கல்ல. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 புள்ளிகளுக்கு 4 மைல் என்றிருந்த மாற்று விகிதம் 2023 செப்டம்பர் 1 முதல் 5 புள்ளிகளுக்கு 2 மைல் என்று பாதியானது. மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் கிடைத்துவந்த 25,000 கூடுதல் புள்ளிகளும் அன்றோடு நின்றன. கார்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் பலருக்கு அந்த விகிதமும் அந்தப் போனஸும்தான் தேர்வுக்கே காரணம்.

மைல் பெட்டியில் பூட்டிவைத்த கற்பூரம். திருடன் வராவிட்டாலும் குறையும். அது எவ்வளவு குறையும் என்பதை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 100 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு மூன்று ஆண்டுகள் போட்டால் 122 ரூபாய்க்கு மேல் கிடைக்கும். அதே 100 ரூபாய் மதிப்புள்ள மைல்களை மூன்று ஆண்டுகள் வைத்திருந்து, அதற்குள் நிறுவனம் இருக்கைகளின் மைல் விலையை ஒரே ஒருமுறை 15 சதவீதம் ஏற்றினால், கையில் மிஞ்சுவது 87 ரூபாய் மதிப்பு. வித்தியாசம் 35 ரூபாய். காலாவதி விதி இதற்குமேல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். யுனைடெட், டெல்டா மைல்களுக்குக் காலாவதி இல்லை என்றாலும், விலை விருப்பப்படி ஏறும் இடத்தில் காலாவதியின்மை பெரிய ஆறுதல் அல்ல. காலாவதியால் பயன்படாமல் போகும் மைல்களை நிறுவனங்கள் முன்கூட்டியே மதிப்பிட்டு வருவாயில் சேர்க்கின்றன. இந்தியாவில் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 115ஆம் கணக்கியல் தரம் அதற்கு வழிமுறையே வகுத்திருக்கிறது. உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் மறப்பார்கள் என்பது எதிர்பாராத நிகழ்வு அல்ல. திட்டத்தின் வரவுசெலவில் அதற்கென்று ஒரு வரி உண்டு.

சரி, ஒரு மைலின் உண்மையான விலை என்ன? பெரும்பாலானோர் அதைப் பூஜ்யம் என்று எண்ணுகிறார்கள். கார்டில் தானாக வருகிறதே என்பது காரணம். ஒருவர் ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் கார்டில் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு ஒரு மைல் தரும் கார்டு அவருக்கு 10,000 மைல் தரும். 1.5 சதவீதம் பணமாகத் திருப்பித் தரும் கார்டை வைத்திருந்தால் 15,000 ரூபாய் கிடைத்திருக்கும். ஆக, ஒவ்வொரு மைலையும் அவர் ஒன்றரை ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். கார்டின் ஆண்டுக் கட்டணம் இதில் சேரவில்லை. அதே செலவுக்கு இரண்டு மடங்கு மைல் தரும் கார்டாக இருந்தால் விலை 75 பைசாவுக்கு இறங்கும். கட்டணம், நேரம், பாதை எல்லாவற்றையும் பார்த்துத் தேர்ந்த விமானத்தில் பறந்து சேர்ந்த மைலுக்கு மட்டுமே விலை பூஜ்யம். எந்தப் புள்ளியையும் செலவழிப்பதற்கு முன் அது எந்த விலைக்குக் கைக்கு வந்தது என்று கேட்பது முதல் ஒழுங்கு.

இரண்டாவது ஒழுங்கு, அது எந்த விலைக்குப் போகிறது என்று கேட்பது. டிக்கெட்டின் பண விலையிலிருந்து மைல் டிக்கெட்டுக்கும் கட்டவேண்டிய வரிகளையும் கட்டணங்களையும் கழித்து, கேட்கப்படும் மைல்களால் வகுப்பது வழக்கமான சூத்திரம். எடுத்துக்காட்டுக்கு, எகானமி டிக்கெட் 30,000 ரூபாய். மைலில் வாங்கினால் 20,000 மைலும் 6,000 ரூபாய் வரியும். மைலுக்குக் கிடைப்பது 1 ரூபாய் 20 பைசா. அதே பாதையில் பிசினஸ் கிளாஸ் 1,20,000 ரூபாய். மைலில் 45,000 மைலும் 7,500 ரூபாய் வரியும். மைலுக்கு 2 ரூபாய் 50 பைசா. இந்த ஒப்பீட்டைக் காட்டித்தான் மைல்களைப் பிசினஸ் கிளாஸுக்கே செலவழிக்கவேண்டும் என்ற அறிவுரை எங்கும் சொல்லப்படுகிறது. சூத்திரத்தில் தவறில்லை; அதில் போடப்படும் எண் தவறு. மைல் இல்லாவிட்டால் அந்தப் பயணி 1,20,000 ரூபாய் கொடுத்துப் பிசினஸ் கிளாஸில் போயிருக்கமாட்டார். 30,000 ரூபாய் எகானமியில் போயிருப்பார். ஆகவே அவர் பையில் உண்மையில் மிச்சமானது 22,500 ரூபாய், மைலுக்கு 50 பைசா. படுத்துறங்கும் இருக்கையின் வசதிக்கு 20,000 ரூபாய் வரை கொடுக்க அவருக்கு மனம் இருந்திருக்கும் என்று தாராளமாக வைத்தாலும் மைலுக்கு 94 பைசாதான் தேறுகிறது. எகானமி தந்ததைவிடக் குறைவு. ஒன்றரை ரூபாய்க்கு வாங்கிய மைலாக இருந்தால் இரண்டுமே நஷ்டம். 75 பைசாவுக்கு வாங்கியதாக இருந்தால் இரண்டுமே லாபம், எகானமியில் சற்று அதிகம். பிசினஸ் கிளாஸில் போகவேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அந்த வசதியை வேண்டி மைலைக் கொடுப்பவர் தான் பணம் சேமித்ததாக எண்ணிக்கொள்ளக் கூடாது. வசதி ஒன்றை வாங்கியிருக்கிறார், அவ்வளவே.

ஒப்பிடும் விலையும் நேர்மையானதாக இருக்கவேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மட்டும் பறப்பதில்லை. மலிவு விமானங்களும் அதே பாதையில் இருக்கின்றன. கிரிஸ்ஃப்ளையர் மைலின் பெறுமதியைக் கணக்கிடும்போது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் முழுக் கட்டணத்தை வைத்துக் கணக்கிடுவது மைலை வீங்கவைத்துக் காட்டும். தான் பணம் கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய டிக்கெட் எதுவோ அதன் விலையை வைக்கவேண்டும். இந்த ஒழுங்கோடு பார்த்தால் மைலுக்கு உண்மையான பலன் கிடைக்கும் இடங்கள் சில துலங்குகின்றன. முதலாவது, பண விலை திடீரென்று ஏறும் பயணங்கள்: அவசரமாகப் போகவேண்டிய துக்க வீடு, விடுமுறைக் காலத்தின் கடைசி நேர டிக்கெட். அங்கே நிலையான மைல் விலை இருக்கும் திட்டத்தில் இருக்கை கிடைத்துவிட்டால் பயணி எப்படியும் கொடுத்திருக்கவேண்டிய பெருந்தொகை மிச்சமாகிறது. இருக்கை கிடைக்குமா என்பதுதான் சிக்கல். ஆகவே இதை ஒரு திட்டமாக நம்பமுடியாது, வாய்ப்பாக மட்டுமே வைத்திருக்க முடியும்.

இரண்டாவது, விமானக் கூட்டணிகள் திறந்துவிடும் கதவு. ஏர் இந்தியா 2014 ஜூலையில் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. லுஃப்தான்சாவும் அதே கூட்டணியில் இருப்பதால், சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் செல்லும் அதன் விமானத்தின் ஓர் இருக்கையை ஏர் இந்தியாப் புள்ளிகளாலும் வாங்கலாம், கிரிஸ்ஃப்ளையர் மைலாலும் யுனைடெட் மைலாலும் ஏர் கனடாவின் ஏரோபிளான் புள்ளிகளாலும் வாங்கலாம். இருக்கை ஒன்றே, விலை நான்கு. கட்டணங்களும் மாறும். கிரிஸ்ஃப்ளையர் கூட்டணி விமானத்தின் எரிபொருள் கூடுதல் கட்டணத்தைப் பயணியிடமே வசூலிக்கிறது. யுனைடெட்டும், 2020இல் புதுப்பிக்கப்பட்ட ஏரோபிளானும் அப்படி வசூலிப்பதில்லை. நெடுந்தூரப் பயணத்தில் இந்த ஒரு கட்டண வேறுபாடே மைலின் பெறுமதியைப் பாதியாக்கிவிடும். வங்கிப் புள்ளிகளை உடனே ஒரு விமானத் திட்டத்துக்கு மாற்றிவிடாமல், பயணம் முடிவாகி இருக்கை இருப்பது உறுதியானபின் மாற்றுவது நல்லது என்பதற்குக் காரணம் இதுதான். மாற்றப்படாத புள்ளிக்குப் பல வாசல்கள். மாற்றியபின் ஒரே வாசல். வங்கியும் விகிதத்தைக் குறைக்கலாம் என்பதை மேக்னஸ் காட்டியது. ஆகவே இங்கும் காத்திருப்பது மாதக்கணக்கில் இருக்கவேண்டும், ஆண்டுக்கணக்கில் அல்ல.

இவ்வளவு எளிய கணக்கு இருந்தும் மக்கள் ஏன் குவித்துவைக்கிறார்கள்? உளவியல் ஆய்வுகள் இதற்கு நம்பகமான விளக்கம் தருகின்றன. கிறிஸ்டோஃபர் ஹ்சீயும் அவரது சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த வேலைக்கு 60 புள்ளி, சற்று நீண்ட வேலைக்கு 100 புள்ளி என்று தரப்பட்டது. 60 புள்ளிக்கு வெனிலா ஐஸ்கிரீம், 100 புள்ளிக்குப் பிஸ்தா ஐஸ்கிரீம். புள்ளிகள் நடுவில் இல்லாதபோது பெரும்பாலோர் குறைந்த வேலையையும் வெனிலாவையும் தேர்ந்தார்கள். புள்ளிகள் நுழைந்ததும் பலர் நீண்ட வேலைக்கு மாறினார்கள், தங்களுக்கு அதிகம் பிடித்தது வெனிலாவாக இருந்தபோதும். ரான் கிவெட்ஸ் முதலானோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு காபிக் கடையின் முத்திரை அட்டைகள் ஒப்பிடப்பட்டன. 10 முத்திரை வேண்டிய அட்டையைவிட, 12 வேண்டியதாக இருந்து 2 முத்திரை முன்கூட்டியே குத்தப்பட்ட அட்டை வேகமாக நிறைந்தது. வாங்கவேண்டிய காபி இரண்டிலும் பத்துதான். இலக்கு அருகில் இருப்பதாகத் தோன்றினாலே கால்கள் விரைகின்றன. தங்க நிலை உறுப்பினராக இன்னும் இரண்டு பயணம்தான் பாக்கி என்ற மின்னஞ்சல் ஆண்டு இறுதியில் ஏன் வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, போட்டியே நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் என்பது: மைலின் மதிப்பை அளவுக்கு மீறிக் குறைத்தால் வாடிக்கையாளர் வேறிடம் போவார், 1,000 கோடி டாலர் கடனுக்குப் பிணையாக இருக்கும் திட்டத்தை எந்த நிறுவனம் தானே சிதைக்கும்? இதில் உண்மை உண்டு. 2023 செப்டம்பரில் டெல்டா உயர்நிலைக்கான விதிகளைக் கடுமையாக்கியபோது எழுந்த எதிர்ப்பில், எல்லை மீறிவிட்டோம் என்று அதன் தலைமையே ஒப்புக்கொண்டு சிலவற்றைத் திரும்பப் பெற்றது. ஆனால் இத்திட்டங்களின் நோக்கமே வேறிடம் போவதைக் கடினமாக்குவது. நார்வேயின் அனுபவம் இதற்குச் சான்று. எஸ்ஏஎஸ் நிறுவனம் போட்டியாளரான பிராத்தன்ஸை வாங்கியபின், உள்நாட்டுப் பயணங்களில் மைல் சேர்ப்பதை 2002இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் தடைசெய்தது. புதிதாக நுழைபவருக்கு மைல்கள் ஒரு மதிலாக நிற்கின்றன என்பது அதன் கணிப்பு. அதே ஆண்டு உள்நாட்டுச் சேவையைத் தொடங்கிய நார்வேஜியன் வேரூன்றி வளர்ந்தது. தடை 2013 வரை நீடித்தது. போட்டி மைலைக் காக்கும் என்று நம்புவதற்கு முன், மைல் போட்டியைத் தளர்த்துகிறதா என்று கேட்கவேண்டியிருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 செப்டம்பரில் நான்கு பெரிய நிறுவனங்களின் திட்டங்களைப் பற்றி விவரம் கேட்டு விசாரணை தொடங்கியதும் இந்த ஐயத்தின் தொடர்ச்சியே.

இரண்டாவது எதிர்வாதம், உயர்நிலை உறுப்பினருக்குக் கிடைக்கும் லவுஞ்ச், கூடுதல் பெட்டி, முன்னுரிமை வரிசை, விமானம் ரத்தானால் முதலில் மாற்றிடம் ஆகியவை மைல் கணக்கில் அடங்காத பலன்கள் என்பது. மாதந்தோறும் அலுவலக வேலையாகப் பறப்பவருக்கு இது முழுக்கச் சரி. ஆனால் அவருடைய டிக்கெட்டுக்குப் பணம் கொடுப்பது நிறுவனம். மைல் சேர்வது ஊழியர் கணக்கில். பாசோ, கிளெமென்ட்ஸ், ராஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2009இல் காட்டியதுபோல, பிறர் பணத்தில் பறப்பவரின் தேர்வைச் சற்று விலை கூடிய பக்கம் சாய்ப்பதே இத்திட்டங்களின் பலத்தில் ஒரு பகுதி. சொந்தப் பணத்தில் பறப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆண்டுக்கு இரண்டு முறை ஊருக்குப் போய்வரும் குடும்பம் ஒரு நிலையை எட்டுவதற்காக 4,000 ரூபாய் கூடுதலான டிக்கெட்டை நான்கு முறை வாங்கினால், லவுஞ்சில் கிடைக்கும் இட்லியின் விலை 16,000 ரூபாய்.

மூன்றாவது எதிர்வாதமே வலுவானது. நால்வர் கொண்ட குடும்பம் ஒரே விமானத்தில் போகவேண்டுமானால் ஓரிரு மாதச் சேமிப்பு போதாது, குவிக்காமல் எப்படி? உண்மைதான். ஆனால் இலக்கு வைத்துச் சேர்ப்பதும் இலக்கில்லாமல் குவிப்பதும் ஒன்றல்ல. எந்தப் பாதை, எந்த ஆண்டு, எத்தனை மைல் என்று தெரிந்து சேர்ப்பவர் தன் ஆபத்தின் கால அளவை அறிந்திருக்கிறார். அந்தக் காலம் ஒன்றரை ஆண்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் இழப்பு தாங்கக்கூடியது. நால்வருக்கும் சேராவிட்டால் இருவருக்கு மைலில், இருவருக்குப் பணத்தில் வாங்குவதும் காத்திருப்பதைவிட மேல். என்றாவது ஒருநாள் உதவும் என்று சேர்ப்பவருக்குத்தான் விலையேற்றமும் காலாவதியும் நிறுவனத்தின் முடிவும் ஒருசேரக் காத்திருக்கின்றன.

இத்திட்டங்களே இல்லாமல் வாழமுடியுமா என்ற கேள்விக்கு இந்திய வானமே விடை. 2006இல் பறக்கத் தொடங்கிய இண்டிகோ, உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேல் தன்வசமாக்கியது முழு அளவிலான புள்ளித் திட்டம் எதுவும் இல்லாமலே; ப்ளூசிப் திட்டம் வந்தது 2024இல்தான். கட்டணமும் நேரமும் சரியாக இருந்தால் பயணி மைலைத் தேடிப் போவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை தேவையில்லை. உள்நாட்டில் மட்டும் பறப்பவர் மிகக் குறைந்த கட்டணத்தை வாங்கிவிட்டு, சேர்வது சேரட்டும் என்று விடுவதே கணக்குக்கு உகந்தது. கார்டில் மாதாமாதம் பாக்கி வைப்பவர் இந்தப் பக்கமே வரக்கூடாது. மாதம் மூன்றரை சதவீத வட்டியின் முன் எந்த மைலும் நிற்காது. அமெரிக்கக் கார்டு வெகுமதிகளை ஆராய்ந்த அகர்வால் முதலானோரின் 2023 ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி டாலர் விவரம் குறைந்த வாடிக்கையாளர்களிடமிருந்து விவரம் தெரிந்தவர்களுக்குக் கைமாறுவதாக மதிப்பிட்டது. ஒருவர் பெறும் நல்ல பலன் ஆகாயத்திலிருந்து விழவில்லை. வட்டி கட்டியவரும் காலாவதிக்கு விட்டவரும் அதற்குப் பணம் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே நல்ல பலனுக்கான வழி மூன்று மறுப்புகளில் அடங்குகிறது: மைலுக்காக விமானத்தைத் தேராமை, மைலுக்காகச் செலவைக் கூட்டாமை, இலக்கின்றி மைலை வைத்திராமை. இவை பயணியின் கையில் இருப்பவை. ஆனால் விதியை ஒருதலையாக மாற்றும் உரிமை முழுவதையும் ஒரு தரப்பிடம் விட்டுவைத்திருப்பது பயணியின் சாமர்த்தியத்தால் தீரும் விஷயமல்ல. மைல் விலையேற்றத்துக்குக் குறைந்தபட்ச முன்னறிவிப்புக் காலம், ஏற்கெனவே சேர்ந்த மைல்களுக்குப் பழைய விலையில் பயன்படுத்த ஒரு சலுகைக் காலம், ஆண்டுதோறும் காலாவதியான மைல்களின் அளவை வெளியிடும் கடமை ஆகிய மூன்றையும் கேட்பது மிகையாகாது. நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்தை இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்றிருக்கிறது. அதை மைல் திட்டங்களின் விதிமுறைகள்மீது பொருத்திப் பார்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது. கடன் கொடுத்தவர்கள் இந்த வாக்குறுதிகளை வாங்குமுன் தங்கள் பாதுகாப்புக்கு நீண்ட ஒப்பந்தங்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த வாக்குறுதிகளின் மறுமுனையில் இருக்கும் கோடிக்கணக்கான பயணிகளுக்கு அதில் ஒரு பங்காவது பாதுகாப்பு கிடைக்கும்வரை, மைலை விரைந்து செலவழிப்பதே அவர்களுக்கு இருக்கும் ஒரே காப்பு.